எந்த வழியாகக் கடப்பது?

இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்கள் முதன்முறையாக வெளிநாட்டுப் பயணம் கிளம்பும்போது ஒரு கேள்வியில் வந்து நிற்பார்கள்: கடல் வழியா, சுரங்க வழியா? டோவர் துறைமுகத்தில் வண்டியோடு கப்பல் ஏறினால் சுமார் ஒன்றரை மணி நேரத்தில் பிரான்சின் கலே. ஃபோக்ஸ்டனில் வண்டியோடு ரயில் ஏறினால் கடலுக்கடியில் 35 நிமிடத்தில் அதே கலே. அந்தச் சுரங்கம் 1994 மே மாதம் திறக்கப்பட்டது. 50 கிலோமீட்டர் நீளம். அதில் ஏறத்தாழ 38 கிலோமீட்டர் கடலுக்குக் கீழே ஓடுகிறது.

பென்னாகரத்தில் என்னோடு பள்ளியில் படித்த தோழி ஒருத்தி அங்கே செவிலியராக இருக்கிறாள். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு மோட்டார் சைக்கிள் உரிமம் வாங்கியவள். முதல் பயணத்துக்கு அவள் சுரங்கத்தைத் தேர்ந்தெடுத்தாள். ஏன் என்று போனில் கேட்டேன். கப்பல் என்றால் ஈரமான இரும்புத் தளத்தில் வண்டியை ஏற்ற வேண்டும், பட்டை போட்டு இறுக்க வேண்டும், கப்பல் கிளம்பும்போது வண்டியைக் கீழே விட்டுவிட்டு மேல்தளத்துக்குப் போய்விட வேண்டும். ரயிலில் அப்படியில்லை. சைடு ஸ்டாண்டு போட்டு, கியரில் நிறுத்திவிட்டு, பக்கத்திலேயே நின்றுகொள்ளலாம். "என் வண்டிய வேற யாரும் தொட வேண்டியதில்லடி. அதுக்காகத்தான்" என்றாள்.

வண்டி ஓட்டும் பெண்களுக்கு இந்தப் பதில் விளக்கம் இல்லாமலே புரியும். பெட்ரோல் பங்கில், மெக்கானிக் கடையில், கோயில் வாசலில் என்று நம் வண்டியை நம் கையிலிருந்து வாங்கி "நான் எடுத்துத் தர்றேன்மா" என்று சொல்ல ஒருவர் எப்போதும் இருப்பார். 35 நிமிடமா 90 நிமிடமா, டிக்கெட் எவ்வளவு, குமட்டல் வருமா என்பதெல்லாம் எல்லாருக்கும் பொதுவான கணக்கு. அவள் போட்டது பெண் போடுகிற கணக்கு. வழியைத் தேர்ந்தெடுப்பதில் அப்படி ஒன்று உண்டு என்பதை அவளிடமிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

2025 கோடை விடுமுறையில் நானும் முதல் வெளிநாட்டுப் பயணம் போவது என்று முடிவு செய்திருந்தேன். தர்மபுரி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியை. 150 சிசி வண்டி. தனியாள். "நீ எந்த வழியா போகப்போற?" என்று தோழி திருப்பிக் கேட்டபோதுதான் உட்கார்ந்து விசாரிக்க ஆரம்பித்தேன்.

நமக்கும் ஒரு கால்வாய் இருக்கிறது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் நடுவில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் கடல். டோவருக்கும் கலேவுக்கும் இருக்கும் இடைவெளியைவிடக் குறைவு. 1914இல் பாம்பன் பாலம் திறந்ததும் சென்னையிலிருந்து போட் மெயில் தனுஷ்கோடி வரை வந்தது. அங்கிருந்து நீராவிக் கப்பலில் தலைமன்னார், மறுபடி ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் ரயிலையே கடல் கொண்டுபோனது. அதன் பிறகு ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில் போர் மூண்டபோது நின்றுபோனது.

சுரங்கமும் நமக்கு உண்டு, பேச்சளவில். ராமேஸ்வரத்தையும் இலங்கையையும் கடல் பாலத்தாலும் சுரங்கத்தாலும் இணைக்கப் போவதாக 2015 டிசம்பரில் ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி நாடாளுமன்றத்தில் சொன்னார். 24,000 கோடி ரூபாய் என்று தொகையும் சொல்லப்பட்டது. இலங்கையில் எதிர்ப்பு எழுந்தது. ஆங்கிலக் கால்வாயிலும் 1880களில் தோண்டத் தொடங்கிய சுரங்கத்தை, அதன் வழியே எதிரிப்படை வந்துவிடும் என்ற பயத்தில்தான் பிரிட்டன் நிறுத்தியது. ஒரு சுரங்கத்தைத் தோண்ட இயந்திரம் மட்டும் போதாது, இரண்டு நாடுகளுக்கு நடுவில் நம்பிக்கையும் வேண்டும்.

ஆக எனக்கு மீதி இருந்தவை இரண்டு. ஒன்று கடல். 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் பயணிகள் கப்பல் விட்டார்கள். சில நாட்களில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி ஓடத் தொடங்கியது. சுமார் நான்கு மணி நேரப் பயணம். ஆனால் அது ஆட்களை மட்டும் ஏற்றும், மோட்டார் சைக்கிளை ஏற்றாது. நாகையில் வண்டியை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் போய் வாடகைக்கு எடுக்க வேண்டும். இன்னொன்று தரை. தர்மபுரி வழியாகப் போகும் தேசிய நெடுஞ்சாலை 44 கன்னியாகுமரியிலிருந்து ஸ்ரீநகர் வரை போகிறது. அதைப் பிடித்து வடக்கே இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் போனால், கடைசியில் கிழக்கே திரும்பி நேபாள எல்லை. இந்தியருக்கு அங்கே பாஸ்போர்ட்கூடத் தேவையில்லை, வாக்காளர் அட்டை போதும். சொந்த வண்டிக்கு எல்லையில் நாள் கணக்கில் கட்டணம் கட்டிச் சீட்டு வாங்கிக்கொள்ளலாம்.

வண்டி ஓட்டும் ஆண்களைக் கேட்டேன். எல்லோரும் நேபாளம்தான் என்றார்கள். "சொந்த வண்டியில பார்டர் தாண்டுனாத்தான் டீச்சர் அது டூர். கப்பல்ல போயி வாடகை வண்டி ஓட்டுறதெல்லாம் சுற்றுலாதான்." பள்ளியில் உடன் வேலை செய்யும் பெண்களைக் கேட்டேன். அவர்கள் வழியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. "யாருகூடப் போறீங்க?" என்றுதான் கேட்டார்கள்.

அரசு ஊழியர் வெளிநாடு போக முன் அனுமதி வாங்க வேண்டும். அதற்கான விண்ணப்பத்தைக் கொடுக்கப் போன அலுவலகத்திலும் அதே கேள்வி. "கூட யாரு வர்றாங்க? வீட்ல சம்மதிச்சாங்களா?" படிவத்தை அவர் பக்கம் திருப்பி, அந்தக் கேள்வி எத்தனாவது வரிசையில் இருக்கிறது என்று காட்டச் சொன்னேன். இல்லை. பயண நோக்கம், நாட்கள், செலவுக்கான பணம் எங்கிருந்து என்பவை மட்டும் இருந்தன. அவர் வாங்கி வைத்துக்கொண்டார். பாஸ்போர்ட்டிலும் இப்படித்தான். 2016 டிசம்பரில் விதிகளை மாற்றிய பிறகு தாய், தந்தை இருவரில் ஒருவர் பெயர் போதும். திருமணச் சான்றிதழும் கேட்பதில்லை. இது தெரியாமல் கணவரின் சம்மதத்துக்காகக் காத்திருக்கும் பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பல இடங்களில் சட்டம் நம்மை விட்டுவிட்டது. கேள்வி கேட்கிற பழக்கம்தான் விடவில்லை.

வண்டி விஷயத்திலும் இந்த இடைவெளி இருக்கிறது. 1991இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் பெண்கள் சைக்கிள் கற்பதையும் எழுத்தறிவின் பகுதியாக்கினார். கிராமம் கிராமமாகப் பெண்கள் சைக்கிள் ஏறினார்கள். பிறகு பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு அரசே விலையில்லாச் சைக்கிள் கொடுத்தது. 2018இல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை மானியம் கிடைத்தது. இவையெல்லாம் வீட்டிலிருந்து பள்ளிக்கும் வேலைக்கும் போய்வரும் தூரத்துக்கு. அந்தத் தூரத்துக்குப் பெண் வண்டி ஓட்டுவதை இப்போது ஊர் ஏற்றுக்கொண்டுவிட்டது. திரும்பி வரும் நேரம் சொல்லாத தூரத்துக்கு இன்னும் இல்லை. கியர் வண்டியில் ஒரு பெண் போனால் தொப்பூர் கணவாயில் லாரிக்காரர்கூட ஒரு தடவை எட்டிப் பார்ப்பது அதனால்தான்.

எனக்குக் கியர் வண்டி கற்றுக்கொடுத்தது ஒரு பெண். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் சின்னவள். பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில், அவளுடைய பழைய ஸ்பிளெண்டரில்தான் கிளட்ச் விடப் பழகினேன். வளைவில் இறங்கும்போது பிரேக்கை நம்பாமல் கியரைக் குறைப்பது அவள் சொல்லித் தந்தது. பயணத்துக்குத் துணை என்று ஒருவரைக் கூப்பிடுவதாக இருந்தால் அவளைத்தான் கூப்பிட்டிருப்பேன். ஆனால் அவள் வர முடியாது. அவள் முகாமில் பிறந்தவள்.

நாகாவதி அணை, தும்பலஅள்ளி அணை, வாணியாறு என்று எங்கள் மாவட்டத்தில் அணைக்கட்டுகளை ஒட்டி இலங்கைத் தமிழர் முகாம்கள் இருக்கின்றன. 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரை 'மறுவாழ்வு முகாம்' என்று அரசு மாற்றியது. பெயர் மாறினாலும் அவளுக்குப் பாஸ்போர்ட் கிடையாது. 1987 ஜூலைக்குப் பிறகு இந்தியாவில் பிறந்தவர் இந்தியக் குடிமகளாக வேண்டுமானால் பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். அவள் பிறந்தது 1991. மாவட்டத்தைத் தாண்டி நாலு நாள் போவதென்றாலே அவள் அனுமதி கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும்.

அவளுடைய அம்மா 1990இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்தவர். வயிற்றில் இவள். இரவில் மீன்பிடிப் படகில் ஏற்றி, விடிவதற்கு முன் ஒரு மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகு போய்விட்டது. கூலியாகக் காதுத் தோட்டைக் கழற்றிக் கொடுத்தார். பின்னால் வருவதாகச் சொன்ன கணவர் வரவேயில்லை. நான் கப்பலா, தரையா என்று யோசித்துக்கொண்டிருந்ததை மகள் சொல்லியிருக்கிறாள். ஒரு நாள் தேநீர் கொடுத்துக்கொண்டே அம்மா சொன்னார்: "கடலால போறதெண்டால் பகலில போங்கோ டீச்சர். இருட்டில எல்லாப் பக்கமும் ஒரே மாதிரித்தான் கிடக்கும்."

இந்தக் கடலைக் கடந்த பெண்களில் வழியைத் தேர்ந்தெடுத்தவர்கள் எத்தனை பேர் என்று அப்போது நினைத்துப் பார்த்தேன். வெள்ளைக்காரர் காலத்தில் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் போன மாவட்டங்களில் பழைய சேலமும் ஒன்று. தர்மபுரி அப்போது அதற்குள்தான் இருந்தது, 1965இல்தான் தனி மாவட்டமானது. கங்காணியின் கணக்கில் பெயர் ஏறி, மண்டபம் முகாமில் நோய்ச் சோதனைக்காக நிறுத்திவைக்கப்பட்டு, பிறகு கப்பல். அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகளைத் திருப்பி அனுப்புவது பற்றி 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று எண்ணிக்கை எழுதப்பட்டது. கையெழுத்திட்டவர்களில் ஒருவர் பெண்தான். எண்ணப்பட்ட பெண்களை யாரும் கேட்கவில்லை.

போகவும் வரவும் தாள் வேண்டும். அந்தத் தாள் நெடுங்காலம் அப்பா வழியாகத்தான் வந்தது. இலங்கையின் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தில் வம்சாவளிக் குடியுரிமை தந்தை வழியாக மட்டுமே. தாய் வழிக்கும் அதில் இடம் கிடைத்தது 2003 திருத்தத்தில். இந்தியாவும் குறைந்ததல்ல. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு இந்தியத் தாய் வழியாகவும் குடியுரிமை உண்டு என்று சட்டம் ஏற்றுக்கொண்டது 1992இல்தான். கணவர் இல்லாமல் கடலைக் கடந்த ஒரு பெண்ணுக்குப் பிறந்த பிள்ளை, இரண்டு கரைச் சட்டத்திலும் நெடுங்காலம் யாருமில்லாத பிள்ளை.

என் சிநேகிதி இலங்கைக் குடியுரிமைக்குப் பதிவு செய்ய விசாரித்தபோது, அம்மாவின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அது போரில் போய்விட்டது. பிறந்த ஊர், வருடம், தாத்தா பெயர் மூன்றும் அம்மாவுக்கு மனப்பாடம். "நீங்க அந்தப் பக்கம் போறதா இருந்தா மட்டும் கேட்டுப் பாருங்கக்கா. இதுக்காகப் போக வேணாம்" என்று ஒரு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தாள்.

இதுக்காகத்தான் போனேன் என்று சொன்னால் அது முழு உண்மையாகாது. எனக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வேறு நாட்டைப் பார்க்க வேண்டும், அந்த ஆசை எனக்கே எனக்கானது. அதைத் தியாகம்போலச் சொல்லி நியாயப்படுத்த நான் விரும்பவில்லை. பெண்கள் வெளியே போவதற்கு எப்போதும் அடுத்தவருக்கான காரணம் ஒன்று தேவைப்படுகிறது, மருத்துவமனை, பிரசவம், நேர்த்திக்கடன் என்று. நான் போவதற்குக் காரணம் நான். எந்த வழி என்பதை முடிவு செய்தது அந்த நோட்டுத் தாள்.

கடல் என்று முடிவானதும் மீதியெல்லாம் வேலைதான். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்கினேன், ஒரு வருடம் செல்லும். அப்போது இலங்கையில் அது மட்டும் போதவில்லை, சிலோன் ஆட்டோமொபைல் சங்கத்தின் ஒப்புதலும் வேண்டியிருந்தது. சங்கம் இருப்பது கொழும்பில், நான் இறங்குவது வடக்கில். அதனால் வாடகை வண்டிக்காரர் மூலம் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொண்டேன். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் இந்தக் கப்பலை நம்ப முடியாது, மே மாதம் பரவாயில்லை. தர்மபுரியிலிருந்து சேலம், நாமக்கல், திருச்சி, தஞ்சை வழியாக நாகைக்கு ஏறத்தாழ 350 கிலோமீட்டர். காலையில் கப்பல் என்பதால் முதல் நாளே போய், தெரிந்தவர் வீட்டில் வண்டியை நிறுத்திவிட்டு இரவு தங்கினேன்.

இந்த வழியைத் தேர்ந்தெடுக்க என்னிடம் இருந்த கேள்விகளை இதைப் படிக்கும் மாணவிகளுக்காக எழுதுகிறேன். போய்ச் சேரும்போது வெளிச்சம் இருக்குமா? கடக்கும் நேரத்தில் கழிவறை இருக்கிறதா, மாதவிலக்கு நாளானாலும் சமாளிக்க முடியுமா? என் பாஸ்போர்ட்டும் வண்டிச் சாவியும் என் கையிலேயே இருக்குமா? எல்லையில் திருப்பி அனுப்பினால் தனியாக, செலவுக்குப் பணத்தோடு, வீடு வரை வர முடியுமா? முதல் இரவு தங்கும் இடத்தில் ஒரு பெண்ணின் தொலைபேசி எண் இருக்கிறதா? இவற்றுக்குப் பதில் கிடைக்கிற வழிதான் நல்ல வழி. நேபாளத்துக்கான நீண்ட சாலையில் ஏழெட்டு இரவுகளுக்கு இந்தக் கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க வேண்டியிருந்தது. கடலில் ஒரே இரவுக்கு. முதல் பயணத்துக்கு எனக்கு அது போதும் என்று தோன்றியது. இரண்டாவது பயணத்துக்கு வேறு கணக்கு வரலாம்.

யாழ்ப்பாணத்தில் எடுத்த வண்டி 125 சிசி. கிளட்ச் கொஞ்சம் இறுக்கம். சங்குப்பிட்டிப் பாலம் தாண்டி, பூநகரி வழியாக மன்னாருக்கு நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். 2011இல் அந்தப் பாலம் திறப்பதற்கு முன் அங்கே படகுப் பாதைதான். வெயில், உப்புக் காற்று, நீண்ட நேர்ச்சாலை. பின்னால் யாரும் ஹாரன் அடிக்கவில்லை. இரண்டு மணி நேரம் நான் யாருக்கும் டீச்சர் இல்லை, அம்மா இல்லை. அந்தச் சந்தோஷத்தை எதோடும் சேர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

மன்னார் அலுவலகத்தில் நோட்டுத் தாளைக் கொடுத்தேன். பதிவேட்டைத் தேடியவரும் ஒரு பெண். முதல் நாள் கிடைக்கவில்லை. எழுத்துக்கூட்டலில் ஒரு எழுத்து வேறாக இருந்தது. மறுநாள் கிடைத்தது. கட்டணம் கட்டிப் பிரதி வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைக்குள் வைத்துக்கொண்டு மீதிப் பயணத்தை முடித்தேன்.

அந்தப் பிரதி இப்போது சென்னையில் இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போன விண்ணப்பத்தில் இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒகேனக்கல் சாலையில் டீக்கடையில் நின்றபோது, பாஸ்போர்ட் வந்தால் முதல் பயணம் எந்த வழியில் என்று அவளிடம் கேட்டேன். அவள் உடனே பதில் சொல்லவில்லை. கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்:

"நீங்க போற வழிய மட்டும் பாத்தாப் போதும்க்கா. நான் திரும்பி வர்ற வழி இருக்கான்னுதான் மொதல்ல பாக்கணும். எங்கூட்டு அம்மா முகாம்லதான இருக்கு. போயிட்டு வந்தா உள்ள விடுவாங்களான்னு எழுதிக் கேட்டிருக்கேன்."